ஒரு கிளிக்குக்கு ஏன் இவ்வளவு போகிறது? தேடல் விளம்பரச் செலவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

கூகுள் போன்ற தளங்களில் தேடல் முடிவுகளோடு வரும் விளம்பரம், அதாவது தேடல் விளம்பரம், போடத் தொடங்கிய யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்துக்குள் அந்தப் புலம்பல் வந்துவிடும்: "ஒரு கிளிக்குக்கு ரொம்பப் போகிறது." கேட்டுக்கொண்டிருப்பவர் உடனே "பிட்டை, அதாவது ஒரு கிளிக்குக்குத் தருவதாகச் சொல்லும் தொகையை, குறைத்துப் பாருங்கள்" என்பார். இன்னொருவர், "கீவேர்டை, அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று கொடுக்கும் சொல்லை, நிறையப் போடுங்கள், எதிலாவது மலிவாகக் கிடைக்கும்" என்பார். மூன்றாவது ஆள், "விளம்பரக் கணக்கில் ஒரு ஸ்கோர் தெரியுமே, அதை நூறுக்குக் கொண்டுபோங்கள், தானாகக் குறையும்" என்று அடித்துச் சொல்வார்.

மூன்றுமே பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. கிளிக்கின் விலையை ஏதோ பொருளின் மேல் ஒட்டிய விலைச்சீட்டு மாதிரி நினைத்துக்கொண்டு பேசுவதால் வரும் குழப்பம் இது. அப்படி ஒரு சீட்டே கிடையாது. ஒருவர் தேடும் அந்த நொடியில் ஓர் ஏலம் நடக்கிறது, அதில் விழும் கணக்குதான் விலை. அடுத்த தேடலுக்கு அடுத்த ஏலம், வேறு விலை. மாதக் கடைசியில் மொத்தச் செலவை மொத்தக் கிளிக்குகளால் வகுத்தால் வருவதைத்தான் சிபிசி, அதாவது ஒரு கிளிக்குக்கான சராசரிச் செலவு என்கிறோம்.

ஆகவே ஏலம் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். குறைக்கும் வழி அதற்குள்ளேயேதான் இருக்கிறது.

## ஒரு தரகரை நினைத்துக்கொள்ளுங்கள்

பெரிய கட்டடம் ஒன்றின் வாசலில் ஒரு தரகர் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் "எனக்கு இது வேண்டும்" என்று கேட்பார்கள். அவர் இரண்டு மூன்று பெயரைச் சொல்வார். கேட்டவர் அதில் ஒருவரைத் தேடிப் போனால், போன இடத்திலிருந்து தரகருக்குக் கூலி. பெயரை மட்டும் சொல்லி, யாரும் போகவில்லை என்றால் கூலி இல்லை.

இப்போது தரகரின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். யார் பெயரை முதலில் சொல்வீர்கள்? அதிகக் கூலி தருகிறேன் என்றவரையா? அவர் பெயரைச் சொன்னால் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை என்றால் என்ன லாபம்? ஆக, தரகர் இரண்டையும் பெருக்கித்தான் பார்ப்பார்: ஓர் ஆளுக்கு எவ்வளவு தருகிறார், நூறு பேரிடம் சொன்னால் எத்தனை பேர் போவார்கள்.

தேடல் விளம்பரத்தின் மொத்தச் சூட்சுமமும் இந்தப் பெருக்கல்தான். மீதி எல்லாம் இதன் மேல் ஏறிய நகாசு.

## எண்ணில் போட்டுப் பார்ப்போம்

நீங்கள் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணம் என்பது நமக்கு வேண்டாம், வெறும் எண் போதும்.

ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் 6 தருவதாகச் சொல்கிறீர்கள். ஒருவர் கொடுக்கத் தயாராக இருக்கும் இந்த உச்சத் தொகைதான் பிட், அதாவது ஏலத்தொகை. உங்கள் விளம்பரத்தைப் பார்க்கும் 100 பேரில் 5 பேர் கிளிக் செய்கிறார்கள். இந்த விகிதத்துக்குப் பெயர் கிளிக் விகிதம், தொழிலில் சிடிஆர். 6-ஐ 5-ஆல் பெருக்கினால் 30.

எதிராளி 10 தருகிறேன் என்கிறார். ஆனால் அவர் விளம்பரம் கொஞ்சம் சம்பந்தமில்லாதது, 100-க்கு 2 பேர்தான் தொடுகிறார்கள். அவர் கணக்கு 20. மூன்றாவது ஒருவர்: ஏலத்தொகை 4, கிளிக் 100-க்கு 3, கணக்கு 12.

கம்மியாகக் கேட்ட நீங்கள் முதலிடம். சரி, எவ்வளவு கட்டுவீர்கள்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சொன்ன 6-ஐக் கட்ட வேண்டியதில்லை. உங்களுக்குக் கீழே இருப்பவரின் 20-ஐத் தாண்டுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். 20-ஐ உங்கள் 5-ஆல் வகுத்தால் 4. அதற்கு மேல் ஒரு துளி. இரண்டாம் இடத்து எதிராளி என்ன கட்டுகிறார்? மூன்றாமவரின் 12-ஐத் தாண்ட வேண்டும். 12-ஐ அவருடைய 2-ஆல் வகுத்தால் 6.

கவனியுங்கள், மேலே இருக்கும் நீங்கள் 4 கட்டுகிறீர்கள், கீழே இருக்கும் அவர் 6 கட்டுகிறார்.

இப்போது "பிட்டைக் குறை" என்ற யோசனையைச் சோதிக்கலாம். 6-ஐ 5 ஆக்குங்கள். கணக்கு 25. இன்னும் 20-க்கு மேல்தான், முதலிடம் அப்படியே, கட்டுவதும் அதே 4. ஒன்றுமே மாறவில்லை. இன்னும் இறக்கி 3.5 ஆக்கினால் கணக்கு 17.5 ஆகிவிடும், இரண்டாம் இடத்துக்கு இறங்குவீர்கள், கட்டுவது 12-ஐ 5-ஆல் வகுத்து 2.4 ஆகும். விலை குறைந்தது உண்மை. ஆனால் இடமும் போனது, அதோடு கிளிக்குகளும் குறையும்.

மாறாக, ஏலத்தொகையைத் தொடவே வேண்டாம். விளம்பரத்தைச் சீராக்கி 100-க்கு 5 என்பதை 8 ஆக்குங்கள். 20-ஐ 8-ஆல் வகுத்தால் 2.5. அதே முதலிடம், கிளிக்குகள் கூடுதல், ஒவ்வொன்றுக்கும் கட்டுவது குறைவு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நீங்கள் கட்டும் விலையை உங்கள் ஏலத்தொகை நேரடியாக முடிவு செய்வதில்லை. கீழே இருப்பவரின் பலமும் உங்கள் விளம்பரத்தின் பொருத்தமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஏலத்தொகை ஒரு மேல்வரம்பு மட்டுமே.

## இந்த முறை எங்கிருந்து வந்தது

கிளிக்குக்கு மட்டும் காசு என்ற ஏலத்தை 1998-இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ டாட் காம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதிகம் கேட்டவருக்கு முதலிடம், கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும். விளைவு கொஞ்சம் வேடிக்கையானது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் முந்த ஒவ்வொரு காசாக ஏற்றுவார்கள். ஒரு கட்டத்தில் ஒருவர் அலுத்துப்போய்த் தடாலென இறங்குவார். மற்றவரும் அவருக்கு ஒரு காசு மேலே வந்து நிற்பார். மறுபடியும் ஏற்றம். வரைபடத்தில் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும்.

கூகுள் 2002-இல் கிளிக் விகிதத்தையும் பெருக்கலில் சேர்த்து, அடுத்தவரைத் தாண்டத் தேவையானதை மட்டும் வசூலிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஜெயிப்பவர் இரண்டாவது தொகையைக் கட்டினால் போதும் என்ற ஏலத்தை வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-இலேயே அலசி எழுதியிருந்தார். தேடல் ஏலம் அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம், அச்சு அசலாக அதுவே இல்லை.

இன்றைய கணக்கு வெறும் பெருக்கல் அல்ல. ஏலத்தொகை, விளம்பரத்தின் தரம், தேடுகிறவர் இருக்கும் இடம், கருவி, நேரம் எல்லாம் கலந்து ஒரு வரிசை எண் உருவாகிறது. அதற்கு ஆட் ரேங்க் என்று பெயர். மேலே வருவதற்குக் குறைந்தபட்ச வரம்பும் உண்டு. அதனால்தான் போட்டிக்கு ஆளே இல்லாத தேடலிலும் கிளிக் இலவசமாகக் கிடைப்பதில்லை.

## இரண்டு ஸ்கோர், ஒரு குழப்பம்

கூகுளின் விளம்பரத் தளமான கூகுள் ஆட்ஸில் குவாலிட்டி ஸ்கோர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கீவேர்டுக்கும் 1 முதல் 10 வரை தரப்படும் மதிப்பெண் அது. மூன்று விஷயங்களைப் பார்த்துத் தரப்படுகிறது: எத்தனை பேர் கிளிக் செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பு, தேடியதற்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், கிளிக் செய்து போய் நிற்கும் பக்கம் எவ்வளவு உதவியாக இருக்கிறது என்பது. அந்தப் பக்கத்தை லேண்டிங் பேஜ் என்பார்கள்.

இந்த மதிப்பெண் ஏலத்தில் அப்படியே பெருக்கப்படுவதில்லை. உடம்பு சுடுகிறதா என்று பார்க்கும் தெர்மாமீட்டர் போலத்தான். ஏலத்தின்போது தரம் தனியாக, அந்த நொடிக்கு ஏற்றபடி அளக்கப்படுகிறது. சின்ன பிரசாரங்களில் (கேம்பெய்ன், அதாவது ஒரு பட்ஜெட்டில் ஓடும் விளம்பரத் தொகுப்பு) மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் தெரியும். போதுமான தேடல் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அதற்காகப் பதற வேண்டாம்.

நூறுக்குக் கொண்டுபோகச் சொன்னார்களே, அது ஆப்டிமைசேஷன் ஸ்கோர். முற்றிலும் வேறு சங்கதி. தளம் தரும் பரிந்துரைகளை எவ்வளவு தூரம் கவனித்திருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் சதவீதம் அது. அதில் "பட்ஜெட்டை உயர்த்துங்கள்", "கீவேர்டைப் பரவலாக்குங்கள்" என்பவையும் இருக்கும். சிபிசி குறைய வேண்டும் என்று அதன் பின்னால் ஓடுவது, மெலிய வேண்டும் என்று விருந்துக்குப் போவது மாதிரி.

## எந்த ஏலத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

என்னைக் கேட்டால் சின்ன பிரசாரத்தில் முக்கால்வாசி மிச்சம் இங்கேதான் கிடைக்கும். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் தளத்தில் கொடுத்து வைப்பது கீவேர்ட். ஆட்கள் உண்மையில் தட்டுவது தேடல் வாசகம். இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் பணம் கரைகிறது.

கீவேர்டும் தேடல் வாசகமும் எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போக வேண்டும் என்பதை நீங்கள் சொல்லலாம். அதற்குப் பெயர் மேட்ச் டைப். வெறுமனே எழுதினால் பிராட் மேட்ச், அதாவது சம்பந்தம் உள்ளது என்று தளம் நினைக்கும் எந்தத் தேடலிலும் விளம்பரம் வரலாம். மேற்கோள் குறிக்குள் எழுதினால் ஃப்ரேஸ் மேட்ச், அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு. சதுர அடைப்புக்குள் எழுதினால் எக்ஸாக்ட் மேட்ச், அதே பொருள் அல்லது அதே நோக்கம் கொண்ட தேடல்களுக்கு. பெயர் எக்ஸாக்ட் என்றாலும் எழுத்துக்கு எழுத்து அதே தேடல்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் தளம் எடுத்துக்கொள்வது பிராட். புதியவர் ஒருவர் "தையல் மெஷின்" என்று வெறுமனே போட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? "தையல் மெஷின் விலை", "தையல் மெஷின் மோட்டார்", "தையல் கற்றுக்கொள்வது எப்படி" எல்லாவற்றுக்கும் விளம்பரம் போய் நிற்கும். இதில் இரண்டு நஷ்டம். ஒன்று, புது மெஷின் வாங்கத் தேடுகிறவர் தவறிக் கிளிக் செய்தால் காசு போகும். இரண்டாவது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. "தையல் மெஷின்" என்ற தேடலில் உற்பத்தியாளர்களும் பெரிய விற்பனையாளர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மெஷின் விற்றால் அவர்களுக்குக் கிடைக்கும் லாபத்தில் ஒரு கிளிக்குக்கு எவ்வளவும் தருவார்கள். உங்களுக்குக் கீழே நிற்பவரும் பலசாலி. உங்கள் விளம்பரமோ பழுது பார்ப்பதைப் பற்றியது, அங்கே யாரும் தொட மாட்டார்கள், கிளிக் விகிதம் சரியும். முன்பு போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: வகுபடும் எண் பெரிதாகிறது, வகுக்கும் எண் சிறிதாகிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

அந்த ஏலத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதுதான் வழி. "தையல் மெஷின் ரிப்பேர்", "தையல் மெஷின் சர்வீஸ் வீட்டுக்கே வந்து" போன்ற நோக்கம் தெளிவான தொடர்களை ஃப்ரேஸ் அல்லது எக்ஸாக்ட் மேட்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். தேடுகிறவர்கள் குறைவாக இருப்பார்கள். இருப்பவர்கள் உங்கள் ஆட்கள்.

அப்புறம் நெகட்டிவ் கீவேர்ட். இந்தச் சொல் வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்லும் பட்டியல் அது. விலை, வாங்க, இலவசம், வேலைவாய்ப்பு, பயிற்சி, பிடிஎஃப் போன்றவற்றை முதல் நாளே அதில் போடலாம். மீதியை சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட் காட்டிக்கொடுக்கும். விளம்பரம் வந்த தேடல் வாசகங்களின் அறிக்கை அது. எல்லாத் தேடலையும் அது காட்டுவதில்லை, ஆனால் காட்டும் வரைக்கும் போதுமான கதை இருக்கும். முதல் மாதம் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும்.

இங்கே ஒரு சூட்சுமம். சாதாரணக் கீவேர்ட் ஒத்த பொருள் கொண்ட சொற்களுக்கும் நீளும், நெகட்டிவ் அப்படி நீளாது. "விலை"யைத் தடுத்தால் "ரேட்" உள்ளே வந்துவிடும். ஒவ்வொன்றையும் தனியாகச் சேர்க்க வேண்டும். அதேபோல் ஆர்வக்கோளாறில் "பழைய" என்ற சொல்லைத் தடுத்துவிடாதீர்கள். "பழைய தையல் மெஷின் ரிப்பேர்" என்று தேடுகிறவரைவிட உங்களுக்கு நல்ல வாடிக்கையாளர் யார்?

சுருக்கமாக: உங்களுக்குப் பொருந்தாத ஏலத்தில் உட்கார்ந்திருக்கும்வரை எந்த நுணுக்கமும் விலையைக் குறைக்காது. முதலில் வெளியேறுவது, மற்றதெல்லாம் பிறகு.

## விளம்பரமும் அது போய்ச் சேரும் பக்கமும்

ஏலம் சரியானதும் கிளிக் விகிதத்தை ஏற்றுவது அவ்வளவு கடினமில்லை. பழுது பார்ப்பது, உதிரிபாகம், வருடாந்திர பராமரிப்பு என்று மூன்று வேலை செய்கிறீர்கள் என்றால் மூன்றையும் ஒரே விளம்பரத்தில் திணிக்காமல் தனித்தனி ஆட் குரூப்பாகப் பிரியுங்கள். நெருங்கிய கீவேர்டுகளும் அவற்றுக்கான விளம்பரமும் சேர்ந்த தொகுப்புதான் ஆட் குரூப். பெல்ட் தேடியவருக்குப் பெல்ட்டைப் பற்றிய விளம்பரம் வர வேண்டும், அவ்வளவுதான்.

கூகுளில் இப்போதைய விளம்பர வடிவத்தில் 15 தலைப்புகள் வரை, ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள், கொடுக்கலாம். விவரிப்பு 4, ஒவ்வொன்றும் 90 எழுத்துக்குள். தளம் மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும். பலர் "தரமான சேவை", "நம்பகமான சேவை", "சிறந்த சேவை" என்று பதினைந்தையும் நிரப்பிவிடுகிறார்கள். அது ஒரே தலைப்புதான், பதினைந்து தடவை. எத்தனை நாளில் சரியாகும், எந்த வகை மெஷின், வீட்டுக்கு வருவீர்களா என்று தகவலாக எழுதுங்கள். "புதிய மெஷின் விற்பனை இல்லை" என்றுகூட எழுதலாம். தப்பான ஆள் கிளிக் செய்யாமல் போவது உங்களுக்கு லாபம்.

தள இணைப்பு, தொலைபேசி எண் போன்ற கூடுதல் வரிகளையும் சேர்த்துவிடுங்கள். சேர்ப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை, வரிசைக் கணக்கில் அவையும் எண்ணப்படுகின்றன. அவற்றைத் தொட்டாலும் ஒரு கிளிக்காகத்தான் கணக்கு.

லேண்டிங் பேஜைப் பற்றி ஒரே வரி: முகப்புப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். ரிப்பேர் தேடியவர், கைபேசியில் சட்டென்று திறக்கும் ரிப்பேர் பக்கத்தில் போய் இறங்க வேண்டும்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் விளம்பரம் வருகிறதா என்று தினமும் நாமே தேடிப் பார்ப்பது. பார்த்துவிட்டுக் கிளிக் செய்யாமல் போனால் கிளிக் விகிதம் விழும், கிளிக் செய்தால் காசு போகலாம். அதற்கென்றே தளத்துக்குள் முன்னோட்டக் கருவி இருக்கிறது, அதில் பாருங்கள்.

## கண்ணில் படாத சில டிக்குகள்

தேடல் பிரசாரம் அமைக்கும்போது டிஸ்ப்ளே நெட்வொர்க், சர்ச் பார்ட்னர்ஸ் என்ற இரண்டு பெட்டிகள் பெரும்பாலும் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். முதலாவது, தேடாதவர்களுக்கும் பல இணையதளங்களில் உங்கள் விளம்பரத்தைக் காட்டும். இரண்டாவது, கூகுளோடு கூட்டு வைத்திருக்கும் வேறு தளங்களின் தேடலில் காட்டும். சின்ன பட்ஜெட்டில் இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது.

இட அமைப்பில் உங்கள் பகுதியில் "இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்" என்று இருக்கும். பழுது பார்ப்பவருக்கு இருப்பவர்கள் மட்டும் போதும். போன் எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரம் ஓடவும் தேவையில்லை.

## மலிவான கிளிக் என்ற பொறி

சிபிசியை நாளைக்கே பாதியாக்க ஒரு வழி இருக்கிறது. இப்போது எடுத்தோமே, அந்த டிஸ்ப்ளே பெட்டியை மறுபடி டிக் செய்தால் போதும். மலிவான கிளிக்குகள் வந்து குவியும், சராசரி அழகாக இறங்கும். ஒரு போன்கூட வராது.

சிபிசி தனியாக நிற்கும் எண் அல்ல. கிளிக் செய்தவர் போன் செய்வது, படிவம் நிரப்புவது போல நீங்கள் விரும்பும் செயலைச் செய்தால் அது கன்வர்ஷன். ஒரு கிளிக் 4, 100 கிளிக்கில் 10 பேர் போன் செய்கிறார்கள் என்றால் ஒரு போனுக்கு 40. கிளிக் 2 ஆகி, 100-இல் 2 பேர்தான் அழைக்கிறார்கள் என்றால் ஒரு போனுக்கு 100. விலை பாதியானது, செலவு இரண்டரை மடங்கானது. கன்வர்ஷனை அளக்கும் ஏற்பாடு இல்லாமல் சிபிசியைக் குறைக்க இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான்.

ஏலத்தொகையைத் தளமே முடிவு செய்யும் தானியங்கி ஏல முறைகளிலும் இதே கதை. கன்வர்ஷனைக் கூட்டச் சொன்னால், வாங்கக்கூடிய ஆள் என்று தோன்றும் கிளிக்குக்கு அது தாராளமாகவே கொடுக்கும். அதற்குச் சொன்ன வேலை அது. முந்தைய கன்வர்ஷன் கணக்கே இல்லாத புதிய பிரசாரத்தில், கிளிக்குகளைக் கூட்டும் முறையை எடுத்துக்கொண்டு அதற்கு ஓர் உச்சவரம்பு வைப்பது எனக்குப் பிடித்த தொடக்கம்.

## கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் கணக்கு

தினசரி பட்ஜெட் 100, சிபிசி 5 என்றால் நாளுக்கு 20 கிளிக். சில நாட்களில் செலவு 200 வரை போகும், மறுநாள் குறையும். பட்ஜெட் என்று நீங்கள் கொடுத்தது ஒரு சராசரி, ஒரு நாளில் அதன் இரு மடங்கு வரை போக தளத்துக்கு அனுமதி உண்டு, மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. இது தெரியாமல் இரண்டாவது நாளே பதறி எல்லாவற்றையும் மாற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

20 கிளிக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிபிசி திங்கட்கிழமை 6, செவ்வாய்க்கிழமை 4 என்றால் அது முன்னேற்றமும் இல்லை, பின்னடைவும் இல்லை, வெறும் ஆட்டம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்துவிட்டு இரண்டு வாரம் விடுங்கள். பிறகு மாற்றத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களோடு ஒப்பிடுங்கள்.

அந்த இரண்டு வாரமும் சும்மா இருக்க முடியவில்லை என்றால் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை இன்னொரு கண்ணால் படிக்கலாம். தடுக்க வேண்டியதைத் தேடித்தான் அதைத் திறப்போம், ஆனால் சேர்க்க வேண்டியதும் அதிலேயே கிடக்கும். "தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, சரிசெய்ய ஆள்" என்று யாராவது தட்டியிருப்பார். அப்படி ஒரு வாசகத்தைப் பெரிய விளம்பரதாரர் யாரும் குறிவைத்திருக்க மாட்டார். அதை ஒரு தனி ஆட் குரூப்பில் போட்டு, நூல் அறுவதைப் பற்றியே ஒரு தலைப்பு எழுதுங்கள். அந்த ஏலத்தில் உங்களுக்குக் கீழே அநேகமாக யாருமே இருக்க மாட்டார்கள்.